நீலி அழுதது பொய்யில்லை: தமிழாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளிகளில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கும், இலக்கணப் புத்தகங்களும் பயிற்சித்தாள்களும் எழுதுகிறவர்களுக்கும் வணக்கம்.

நான் நகரியிலிருந்து எழுதுகிறேன். 1953இல் ஆந்திரம் தனி மாநிலமானபோது எங்கள் சித்தூர் மாவட்டம் முழுவதும் அந்தப் பக்கம் போய்விட்டது. ம.பொ.சி.யும் அவரோடு இருந்தவர்களும் போராடியதில் 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்து சேர்ந்தது. நகரியும் புத்தூரும் வரவில்லை. அப்பா தறி ஓட்டினார். நான் ஜாக்கெட் தைக்கிறேன். வீட்டில் தமிழ்தான். மகளுக்கும் தமிழ் எழுதப் படிக்கத் தெரியவேண்டும் என்று பிடிவாதமாகத் திருத்தணியில் சேர்த்தேன். தினமும் ரயிலில் போய் வருகிறாள்.

போன மாதம் அவள் ஒரு பயிற்சித்தாள் கொண்டுவந்தாள். மரபுத்தொடர் பத்து. அவசரக்குடுக்கை, ஆகாயத்தாமரை, கானல்நீர் என்று வரிசையாக இருந்தது. எட்டாவது, நீலிக்கண்ணீர். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'பொய்யாக அழுதல்' என்று பொருள். சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதவேண்டும். "திருடன் போலீஸிடம் நீலிக்கண்ணீர் வடித்தான்" என்று எழுதியிருந்தாள். சரி என்று சிவப்பு மையில் குறி போட்டிருந்தது. ராத்திரி சாப்பிடும்போது கேட்டாள். "அம்மா, நீலின்னா யாரு? சாரைக் கேட்டேன், அது ஒரு பேய்னு சொன்னார்."

அந்த ஆசிரியர் மேல் எனக்குக் கோபமில்லை. நாற்பது பிள்ளைகள், முக்கால் மணி நேரம், பத்து மரபுத்தொடர். ஆனால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் குடும்பத்தில் ஒருத்தியை முப்பது வருஷம் நீலி என்று கூப்பிட்டார்கள். அவளிடம்தான் நான் நீலியின் கதையையே கேட்டேன். அதனால் இதை எழுதுகிறேன்.

உங்களில் பலருக்குக் கதை தெரிந்திருக்கும். ஊருக்கு ஊர் பெயரும் விவரமும் மாறும். என் பெரியம்மா சொன்னபடி சொல்கிறேன்.

காஞ்சிபுரத்துக்காரன் ஒருவன் காசிக்குப் போனான். அங்கே ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். ஊரில் ஏற்கெனவே ஒருத்தி இருப்பதைச் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் புதுப்பெண்டாட்டியையும் அவள் தம்பியையும் கூட்டிக்கொண்டு தெற்கே நடந்தான். காஞ்சிபுரம் நெருங்க நெருங்க அவனுக்குப் பயம் வந்துவிட்டது. திருவாலங்காட்டுக் காட்டில் வைத்து அவள் நகையைக் கழற்றிக்கொண்டு கிணற்றில் தள்ளிவிட்டான். அக்காவைத் தேடிவந்த தம்பியும் அதே காட்டில் உயிரை விட்டான். அவன் ஊருக்குப் போய் முதல் பெண்டாட்டியோடு குடும்பம் நடத்தினான்.

இது முதல் பாதி. பெரியம்மா இங்கே எப்போதும் நிறுத்துவாள். வெற்றிலையை மடிப்பாள், எங்கேயோ பார்ப்பாள். எனக்கு அடுத்த பாதி கேட்கும் அவசரம்.

அடுத்த ஜென்மத்தில் அக்காவும் தம்பியும் பழையனூரில் இரட்டைக் குழந்தைகளாகப் பிறந்தார்கள், நீலி, நீலன் என்று. ராத்திரியில் மாடுகளைக் கடித்துக் கொல்கிற பிள்ளைகள் என்று ஊர் பயந்து அவர்களை விரட்டியது. நீலனைக் கொன்றார்கள். நீலி காட்டில் தனியாக நின்றாள். முன்ஜென்மத்தில் அவளைக் கிணற்றில் தள்ளிக் கொன்றவன் தரிசனன் என்ற செட்டி மகனாகப் பிறந்தான். அவன் கையில் ஒரு மந்திர வாள். அது இருக்கும்வரை பேய் அண்டாது. வளர்ந்தபிறகு வியாபாரத்துக்காகப் பழையனூர்ப் பக்கம் வந்தான். நீலி ஒரு கள்ளிக்கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தலைவிரி கோலமாக அவன் பின்னாலேயே நடந்தாள். "என் புருஷன் என்னை விட்டுவிட்டுப் போகிறான், நியாயம் சொல்லுங்கள்" என்று ஊர்ச் சபையில் அழுதாள். எழுபது வேளாளர்கள் இருந்த சபை. செட்டி நடுங்கினான். "இவள் என் பெண்டாட்டி இல்லை, பேய்" என்றான். கள்ளிக்குழந்தை அவனைப் பார்த்து அப்பா என்றது. சபை குழந்தையை நம்பியது. "இன்று ராத்திரி இரண்டு பேரும் ஒரே வீட்டில் தங்குங்கள், காலையில் எல்லாம் சரியாகிவிடும். வாளை எங்களிடம் கொடு. உனக்கு ஏதாவது ஆனால் நாங்கள் எழுபது பேரும் உயிர் கொடுக்கிறோம்" என்று சொல்லி வாளை வாங்கிக்கொண்டார்கள். காலையில் கதவைத் திறந்தால் அவன் குடல் கிழிந்து கிடந்தான். எழுபது பேரும் தீ வளர்த்து இறங்கினார்கள். வயலில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் சேதி கேட்டு அங்கேயே கலப்பையின் கொழுவில் விழுந்து இறந்தார் என்று பெரியம்மா சொல்வாள்.

இது சும்மா பாட்டிக்கதை இல்லை. 7ஆம் நூற்றாண்டில் திருவாலங்காட்டுக்கு வந்த திருஞானசம்பந்தர் தன் பதிகத்தின் முதல் பாட்டிலேயே இதைச் சொல்கிறார். "வஞ்சப்படுத்தொருத்தி வாணாள் கொள்ளும் வகைகேட்டு அஞ்சும் பழையனூர்" என்று வரும். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்பே ஊரின் பெயரோடு இந்தக் கதை ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தப் பழையனூரைத்தான் பிறகு ராஜேந்திர சோழன் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு எழுதிவைத்தான். 1905இல் கிடைத்த 31 செப்பேடுகளில் அந்தத் தானம் இருக்கிறது.

சம்பந்தர் வரியை நான் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். அதில் நீலி என்ற பெயர் இல்லை, பேய் என்ற சொல்லும் இல்லை. 'ஒருத்தி' என்றுதான் இருக்கிறது. வஞ்சம் செய்தாள் என்கிறார், உயிரை எடுத்தாள் என்கிறார், ஆனாலும் ஒருத்தி என்றே சொல்கிறார். எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது. பின்னால் உமாபதி சிவாச்சாரியார் பாடிய சேக்கிழார் புராணத்தில் பெயர் வந்துவிடுகிறது, 'பழையனூர் நீலி செய்த வஞ்சனை' என்று. அந்தப் பாட்டு எழுபது பேரின் வாக்குத் தவறாமையைப் புகழ்வதற்காக எழுதப்பட்ட பாட்டு. சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்கியவர்களைப் புகழத்தான் வேண்டும். அதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. பழையனூர்ப் பக்கம் அவர்களுக்கு நினைவு மண்டபம் இருக்கிறது. நான் போயிருக்கிறேன், கும்பிட்டிருக்கிறேன். ஆனால் கதையை அந்தப் பக்கமிருந்தே சொல்லிச் சொல்லிக் கிணறு மறைந்துவிட்டது. கிணறு போனபிறகு நீலிக்கு அழுவதற்கு ஒரு காரணமும் மிஞ்சவில்லை. காரணமில்லாமல் அழுகிறவளின் கண்ணீர் பொய்யாகத்தானே தெரியும்?

பெரியம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அம்மாவின் அக்கா. புத்தூர்ப் பக்கத்தில் பிறந்து நகரிக்கு வாழ்க்கைப்பட்டவள். பெரியப்பாவுக்கு இரண்டு தறி இருந்தது, அரக்கோணத்தில் இன்னொரு குடும்பமும் இருந்தது. கல்யாணமாகி நாலு வருஷம் கழித்துத்தான் பெரியம்மாவுக்கு அது தெரியும். கேட்டதற்கு அவர் அவள் வலது கையை முறித்தார். புத்தூருக்கு அழைத்துப்போய்க் கட்டுப் போட்டார்கள். பச்சிலைச் சாறும் முட்டை வெள்ளைக்கருவும் தடவி மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவார்களே, அந்தக் கட்டு. கட்டுப் போடுகிறவர் எப்படி முறிந்தது என்று கேட்டிருக்கிறார். கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாகப் பெரியம்மா சொன்னாளாம். கையில் கட்டோடு ஊர்ப் பெரியவர்கள் முன்னால் போய் நின்று அழுதாள். அதில் ஒருவர், "பழையனூர் நீலி மாதிரி அழாதேம்மா, குடும்பத்தை ஊருக்கு இழுக்காதே" என்றார். அப்புறம் சொன்னார்கள், "ஒரு ராத்திரி ஒண்ணா இருந்தா எல்லாம் சரியாயிடும்."

கதையில் அந்த எழுபது பேர் சொன்னதும் இதையேதான். நான் இதைக் கவனித்தது பெரியம்மா போய்ப் பல வருஷம் கழித்து. ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி, ஒரு அழுகை என்று வந்தால் பஞ்சாயத்துக்கு ஒரே மருந்துதான். உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்துவது. அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் செட்டி செத்தான். நிஜத்தில் கதவுக்குப் பின்னால் யாருக்கு என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பெரியம்மாவின் கையை இரண்டாவது தடவையும் கட்ட வேண்டியிருந்தது. அந்தக் கை பிறகு முழுசாக நீளவில்லை.

எனக்கு நினைவு தெரிந்த பெரியம்மா ரொம்பக் கடுமையானவள். பிள்ளைகள் நாங்கள் அவள் வீட்டுக்குப் போக அழுவோம். கதவைச் சாத்தினால் கத்துவாள், விளையாட்டுக்குச் சாத்தினாலும் கத்துவாள். மழைக்காலத்திலும் வாசல் கதவைத் திறந்துவைத்துத்தான் படுப்பாள். யாராவது ஆண்பிள்ளை பரணிலிருந்து எதையாவது எடுக்கக் கையைத் தூக்கினால் சட்டென்று விலகிச் சுவரோடு ஒட்டிக்கொள்வாள், உடனே அவரைத் திட்டவும் தொடங்குவாள். ஏன் திட்டுகிறாள் என்று அவருக்கும் புரியாது, எங்களுக்கும் புரியாது. தலையணைக்கு அடியில் எப்போதும் ஒரு கத்தி. யாரையும் மடியில் வைத்துக் கொஞ்சியதில்லை.

பெரியப்பா அதற்குள் மாறிவிட்டிருந்தார். அரக்கோணத்து உறவு முடிந்துபோயிருந்தது. எங்களுக்கெல்லாம் கடலைமிட்டாய் வாங்கித் தருவார், கதை சொல்வார். கடைசிக் காலத்தில் பக்கவாதம் வந்து படுத்தார். பெரியம்மா வேளை தவறாமல் சோறு போட்டாள், துணி மாற்றினாள், ஒரு வார்த்தை பேசமாட்டாள். தட்டை டங்கென்று வைத்துவிட்டுப் போவாள். ஒருநாள் அவர் என்னைப் பார்த்துக் குழறிக் குழறிக் கேட்டார், "நான் இவளுக்கு என்னம்மா பண்ணினேன்?" அவர் நடிக்கவில்லை. நான் அவர் கண்ணைப் பார்த்தேன். அவருக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. எனக்கு அப்போது பதினாலு வயது. அந்த நிமிஷம் நான் பெரியம்மாவை வெறுத்தேன். இப்படிப்பட்ட நல்ல மனுஷனை என்ன பாடு படுத்துகிறாள் என்று நினைத்தேன். அவர் செத்தபோது அவள் அழவில்லை. "நீலிக்குக் கண்ணீர்கூட வரல பாரு" என்று பந்தலில் பேசிக்கொண்டார்கள். அழுத வயதிலும் நீலி, அழாத வயதிலும் நீலி.

இப்போது கதைக்கு வருகிறேன். தரிசனன் செட்டிக்கும் ஞாபகம் இல்லை. அது அவனுக்கு வேறு ஜென்மம். சபையில் நின்று "இவள் என் பெண்டாட்டி இல்லை" என்று அவன் சொன்னது, அவனைப் பொறுத்தவரை உண்மை. நீலிக்கு மட்டும் அது நேற்று நடந்தது மாதிரி. கிணற்றின் குளிர் அவள் உடம்பை விட்டுப் போகவே இல்லை. மறுபிறவி என்று நம் முன்னோர்கள் சொன்னதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். செய்தவனுக்கு அது முன்ஜென்மம் ஆகிவிடுகிறது, பட்டவளுக்கு ஆவதில்லை. இந்தக் கதையைக் கட்டிய யாரோ ஒரு பழையனூர்க் கிழவிக்கு இது தெரிந்திருக்கிறது.

நீலி செய்தது சரி என்று சொல்ல நான் வரவில்லை. எழுபது குடும்பத்தில் தாலி அறுந்திருக்கிறது. அந்த எழுபது பேரில் ஒருவர்கூட அவளைக் கிணற்றில் தள்ளியவர் இல்லை. அந்தச் செட்டிப் பையனும் இந்த ஜென்மத்தில் ஒரு தப்பும் செய்யவில்லை. இதையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். பெரியம்மாவும் என்னிடம் அன்பாக இருந்திருக்கலாம், எனக்கு அவள் மேல் இன்றைக்கும் அந்த வருத்தம் உண்டு. ஆனால் அவள் கண்ணீரைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நீலி காட்டியவற்றில் எது பொய் என்று ஒன்றொன்றாக யோசித்துப் பாருங்கள். இடுப்பில் இருந்த குழந்தை பொய், அது கள்ளிக்கொம்பு. இன்றைய பெண்டாட்டி என்பது பொய். இவன் என்னைக் கட்டிக்கொண்டான், கைவிட்டான் என்பது உண்மை. அழுகை உண்மை. கொலை நடந்தது என்று சொன்னால் எந்தச் சபையும் கேட்காது, குழந்தையைக் காட்டி அழுதால் கேட்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கள்ளிக்கொம்பை அதற்காகத்தான் ஒடித்தாள். கிணற்றுக்குள் கிடந்த பிணத்துக்குச் சாட்சி யார்?

ஒன்று கவனித்தீர்களா? தெலுங்கில் பொய்யழுகையை மொசலி கன்னீரு என்பார்கள். முதலைக் கண்ணீர். எங்கள் தெருவில் தெலுங்கு பேசுகிறவர்களுக்கு அந்த ஒன்று போதுமாக இருக்கிறது. தமிழிலும் முதலை இருக்கிறது. அதற்குமேல் நாம் ஒரு பெண்ணையும் சேர்த்து வைத்திருக்கிறோம், அதுவும் கொலையுண்ட பெண்ணை. வீட்டில், பஞ்சாயத்தில், ஸ்டேஷனில் ஒரு பெண் அழ ஆரம்பித்ததும் அந்தச் சொல் தயாராக வந்து நிற்கிறது. ஆண் அழுதால் யாரும் அதை அவ்வளவு சுலபமாகச் சொல்வதில்லை. என் மகள் திருடனுக்குப் போட்டு எழுதினாளே, அது பயிற்சித்தாளில்தான் நடக்கும்.

திருவாலங்காட்டை நேரில் பார்த்தவர்களுக்கு இன்னொன்று தோன்றியிருக்கும். அந்த ஊரில் பேய் ஒன்றல்ல. காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்து சேர்ந்த இடம் அது. அவர் கதையை நினைத்துப் பாருங்கள். புனிதவதியின் புருஷன் பரமதத்தனும் வணிகன்தான். அவனும் வியாபாரத்துக்கு என்று சொல்லிக் கப்பலேறிப் போய்ப் பாண்டிநாட்டில் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டான். அவளைத் தெய்வம் என்று பயந்துதான் போனான், அடித்தோ கொன்றோ போகவில்லை. ஆனாலும் விட்டுவிட்டுப் போனான். புருஷனுக்காகச் சுமந்த இந்த உடம்பு எனக்கு வேண்டாம் என்று உதறிப் பேய் வடிவம் கேட்டு வாங்கினாள் புனிதவதி. தன்னைத்தானே 'காரைக்கால் பேய்' என்று பாடினாள். வற்றிய முலையும் குழிந்த வயிறும் வெள்ளைப் பல்லுமாக ஒரு பெண்பேய் காட்டில் அலறுவதை அவள் திருவாலங்காட்டுப் பதிகம் எழுதிக் காட்டுகிறது. அந்த அலறலை நாம் தேவாரத்துக்கும் முந்திய பாட்டாக வைத்துக் கும்பிடுகிறோம். அவள் தலையால் நடந்த மண்ணை மிதிக்கக் கூசிச் சம்பந்தர் ஊருக்கு வெளியே தங்கினார் என்று பெரியபுராணம் சொல்கிறது.

ஒரே காடு. வணிகன் விட்டுப்போன ஒரு பெண், வணிகனாய்ப் பிறந்து வந்தவன் முன்ஜென்மத்தில் கொன்றுபோட்ட ஒரு பெண். இரண்டு பேரும் பேயானார்கள். ஒருத்தியை இறைவனே அம்மை என்று கூப்பிட்டார். இன்னொருத்தி பொய்யழுகைக்குப் பெயரானாள். அம்மையார் யாரையும் கொல்லவில்லை என்பீர்கள், சரிதான். அவர் கோபத்தைக் கொண்டுபோய் வைக்க அவருக்கு ஒரு காலடி கிடைத்தது. நீலிக்குக் கிடைத்தது கிணறு.

நீலிக்கும் ஒரு காலடி கொடுத்துப் பார்த்தவர்கள் உண்டு, சமணர்கள். ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான நீலகேசியை நீங்கள் பெயரளவிலாவது மனப்பாடம் செய்யவைக்கிறீர்கள். அதில் வருகிறவள் நம் பழையனூர் நீலிதான் என்பதை எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பீர்கள் என்று தெரியவில்லை. வடக்கே ஒரு சுடுகாட்டில் தவம் செய்யும் முனிச்சந்திரர் என்ற முனிவர் உயிர்ப்பலியை நிறுத்திவிடுகிறார். அவரை விரட்ட அங்குள்ள காளி தெற்கேயிருந்து பழையனூர் நீலியை அழைக்கிறாள். நீலி போய்ப் பயமுறுத்துகிறாள், அவர் அசையவில்லை. பெண்ணாக வேஷம் போட்டுக்கொண்டு போகிறாள், அவர் யாரென்று கண்டுகொள்கிறார். கண்டுகொண்டபிறகு அவர் விரட்டவில்லை, ஆணி அடித்து மரத்தில் கட்டவில்லை. உட்காரவைத்து அறம் சொல்கிறார். அவள் மாணவியாகிறாள். அப்புறம் அவள் ஊர் ஊராகப் போய் வாதம் செய்கிறாள். பத்துச் சருக்கம் உள்ள நூலில் முதல் சருக்கம் தவிர மற்றதெல்லாம் அவள் வாதம்தான். ஆசீவகம், சாங்கியம், வைசேடிகம், வேதம், பூதவாதம் என்று ஒவ்வொரு சபையாக ஏறுகிறாள். பழையனூர்ச் சபையில் அழ மட்டுமே முடிந்தவளுக்கு அந்தக் கவிஞர் பேச நாக்குக் கொடுத்திருக்கிறார். சமண மதத்தை உயர்த்துவதற்காக எழுதிய நூல்தான், எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கவிஞருக்கு வாதம் செய்ய ஆளா கிடைக்கவில்லை? ஒரு பேயை, அதுவும் இந்தப் பேயைத் தேடி எடுத்திருக்கிறார்.

அவள் முதலில் வாதிடுவது குண்டலகேசியோடு. குண்டலகேசியின் கதையும் உங்களுக்குத் தெரியும். கொல்ல மலையுச்சிக்கு அழைத்துப்போன புருஷனை, மூன்று தடவை வலம் வருகிறேன் என்று சொல்லிப் பின்னாலிருந்து தள்ளியவள். கிணற்றில் தள்ளப்பட்டவளும் மலையிலிருந்து தள்ளியவளும் எதிரெதிரே உட்கார்ந்து ஆன்மா உண்டா இல்லையா என்று பேசுகிறார்கள். தங்களுக்கு நடந்ததைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டிருக்கக் கூடாதா என்று எனக்கு ஏக்கமாக இருக்கும்.

கேரளத்திலும் குமரிப் பக்கமும் இவளைக் கள்ளியங்காட்டு நீலி என்பார்கள், யட்சி. அங்கேயும் கதை நகைக்காகக் கொலையுண்ட பெண்ணிடம்தான் தொடங்குகிறது. 2025இல் வந்த ஒரு மலையாளப் படத்தில் அவளை நாயகியாகவே ஆக்கிவிட்டார்கள். நாம்தான் இன்னும் அடைப்புக்குறிக்குள் வைத்திருக்கிறோம்.

நீலிக்கண்ணீர் என்ற தொடரைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. எடுத்துவிட்டால் அவள் பேரும் போய்விடும், பேச்சில் மட்டும் வசவாக மிஞ்சும். அந்தத் தொடரைச் சொல்லிக்கொடுக்கும் நாளில் ஒரு பத்து நிமிஷம் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறேன். கதையைச் சபையிலிருந்து தொடங்காதீர்கள். காசியிலிருந்து தொடங்குங்கள். கிணற்றைச் சொல்லுங்கள், தம்பியைச் சொல்லுங்கள். எழுபது பேரின் சத்தியத்தைச் சொல்லுங்கள். அப்புறம் பிள்ளைகளிடமே கேளுங்கள், அந்தச் சபையில் நீ உட்கார்ந்திருந்தால் அவளிடம் என்ன கேட்டிருப்பாய் என்று. அவர்கள் சொல்வார்கள். பெரியவர்களைவிட நன்றாகவே சொல்வார்கள். மேல்வகுப்பில் நீலகேசியின் பெயர் வரும்போது, ஆறாம் வகுப்பில் மரபுத்தொடரில் படித்தீர்களே, அவள்தான் இவள் என்று ஒரு வரி சேருங்கள். திருவாலங்காட்டுக்கு அரக்கோணம் லைனில் ரயில் நிற்கிறது. சுற்றுலாவுக்குக் கூட்டிப்போகிற ஆசிரியர்கள் ரத்தினசபையையும் அம்மையாரையும் காட்டிவிட்டுப் பழையனூர் வரைக்கும் நடத்திக் கூட்டிப்போகலாம்.

அகராதி எழுதுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பொருள் 'பொய்யழுகை' என்று இருக்கட்டும், வழக்கில் அதுதானே பொருள். கூடவே ஒரு வரி, கணவனால் கொல்லப்பட்டவளாகக் கதை சொல்லும் பழையனூர் நீலியின் பெயரால் வந்தது என்று.

உங்கள் வகுப்பில் என் பெரியம்மா வீட்டுப் பிள்ளை ஒன்று கட்டாயம் இருக்கும். அம்மா ராத்திரி அழுவதைக் கேட்டுவிட்டுக் காலையில் பள்ளிக்கு வருகிற பிள்ளை. அதன் வீட்டிலும் யாரோ அந்தச் சொல்லைச் சொல்லியிருப்பார்கள். அந்தப் பிள்ளை உங்கள் பயிற்சித்தாளைப் பார்த்து, 'பொய்யாக அழுதல்' என்று படித்து, அதற்கு ஒரு வாக்கியம் யோசிக்கும். நான் பதினாலு வயதில் பெரியம்மாவை நினைத்தது மாதிரி அது தன் அம்மாவை நினைக்கக்கூடும். எனக்கு யாராவது கதையின் முதல் பாதியில் பெரியம்மா ஏன் நிறுத்துகிறாள் என்று சொல்லியிருந்தால், நான் அவள் உயிரோடு இருக்கும்போதே ஒருநாளாவது அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பேன்.

மகளுக்கு இதையெல்லாம் சொன்னேன். மறுநாள் அந்தப் பயிற்சித்தாளில் பழைய வாக்கியத்தை அடித்துவிட்டுக் கீழே வேறு எழுதி வைத்திருந்தாள். "நீலி கண்ணீர் வடித்தாள். சபையில் எழுபது பேர் இருந்தும், உனக்கு என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை." மரபுத்தொடரைப் பிரித்து எழுதிவிட்டேன், இதற்கு மார்க் போடுவார்களா என்று கேட்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உங்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

இப்படிக்கு,
நகரியிலிருந்து ஒரு தறிக்காரர் மகள்